வாயேஜருக்கு இனிப்பு வாங்கிய மஞ்சுளா

மஞ்சுளாவை அறிந்தவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் அவள் ஏறும் நிறுத்தத்தில் நின்றது. ஆள் இல்லை. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். "தூங்கிட்டா போல, எடுங்கண்ணே" என்று சொன்னது நான்தான். எட்டு மணிக்கு அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். வயது நாற்பத்தாறு. ஒரு நாள்கூட உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போட்டவள் இல்லை. "எந்த மஞ்சுளா?" என்று கேட்டேன். எங்கள் பிரிவில் ஒரே மஞ்சுளாதான்.

ஓசூரில் வண்டிகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. செய்த பாகங்களை அளந்து பார்க்கும் அறையில் பதினாறு வருடம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் விருதுநகரிலிருந்து வந்தவள். அவள் பக்கத்துத் தளி ஊர்க்காரி, வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு.

2005இல் ஒருநாள் கேன்டீனில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். மகளுக்குக் கல்யாணமா என்று கேட்டோம். "வாயேஜர் எல்லைக்குப் போயிடுச்சு" என்றாள். யாருக்கும் புரியவில்லை. சூரியனிலிருந்து வீசும் காற்று சட்டென்று வேகம் குறையும் இடம் ஒன்று இருக்கிறது, ஆளில்லாத அந்த விண்கலம் அதைத் தாண்டிவிட்டது, பேப்பரில் வந்திருக்கிறது என்று விளக்கினாள்.

"உனக்கென்னடி அதுல அவ்வளவு சந்தோஷம்?" என்றேன்.

"நான் எஸ்எஸ்எல்சி பெயிலான வருஷம் கெளம்புனதுடி அது. நான் மூணு தடவ எழுதி பாஸாகறதுக்குள்ள வியாழனையே தாண்டிடுச்சு. இன்னும் வேல செய்யுதுன்னா சும்மாவா?"

சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் முகத்தில் இருந்த களை கேலியாகச் சொன்னவளின் முகத்தில் இருப்பதல்ல.

அடுத்த வருடம் அஞ்செட்டிப் பக்கம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனவள் அங்கும் இந்தக் கதையை ஆரம்பித்திருக்கிறாள். மாடு மேய்த்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "திரும்பி வருமா?" என்றாராம். வராது என்றிருக்கிறாள். "வராததை எதுக்கு அனுப்புனாங்க?" மஞ்சுளாவுக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, நாளுக்குச் சில பஸ்களே போகும் அந்த ஊருக்கு, பதில் சொல்வதற்காகவே மறுபடியும் போனாள். நானும் கூடப் போனேன்.

"அது வர்றதுக்குப் போகலம்மா. யாரும் பாக்காத எடத்தப் பாத்துட்டு, இருக்கறத இருக்கற மாதிரி சொல்லணும். அதுக்குத்தான் அனுப்புனாங்க."

அந்த அம்மா பாயை எடுத்துப் போட்டார். "இத சொல்லவா பஸ் ஏறி வந்த? உக்காரு, களி திங்கலாம்" என்றார்.

அவள் போன சில வாரங்களில், 2007 டிசம்பரில், இரண்டாவது வாயேஜரும் அதே எல்லையைத் தாண்டிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. படித்தவுடன் என் கை தானாகப் போனை எடுத்து அவள் நம்பரை அழுத்திவிட்டது. மணி அடிக்கும்போதுதான் உறைத்தது. வைப்பதற்குள் அவள் கணவர் எடுத்துவிட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல் செய்தியையே சொன்னேன்.

"ரெண்டாவதும் போயிடுச்சுங்களா?" என்றார். "அது எப்ப தாண்டும்னு கேட்டுட்டே இருந்தா. இன்னும் கொஞ்ச நாள்…"

சென்ற வாரம் அவசரமாக லாரி ஏற வேண்டிய சரக்கு ஒன்று வந்தது. "எப்பவும் சரியாத்தான் இருக்கும், கையெழுத்து போடுங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர். முன்பெல்லாம் இப்படிச் சரக்கு வந்தால் நான் போட்டுவிடுவேன், மஞ்சுளா போடமாட்டாள். நான் பேனாவை எடுத்து, அவள் எப்போதும் எழுதுவதுபோலவே 'இன்னும் அளந்து பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். லாரி ஒரு மணி நேரம் நின்றது. ஒவ்வொன்றாக அளந்தோம். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.