லிந்துலைக்குப் போன பெயர்ப்பலகை

காலை ஆறு பத்துக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் பால் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். தேநீர் இலங்கைக் காசில் நூறு ரூபாய், பருப்பு வடை ஐம்பது. ஜூன் மாதம். திருச்சியில் இந்நேரத்துக்கெல்லாம் மின்விசிறியைத் திட்ட ஆரம்பித்திருப்பேன். இங்கே இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது.

நான் கல்லூரியில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் அறக்கட்டளைகள் எப்படிப் பெருகின, அவற்றால் யாருக்கு என்ன பிழைப்பு என்று பார்த்து எழுதலாமே என்று கிளம்பி வந்தேன். வந்து மூன்று நாளாகியும் புள்ளிவிவரம் ஒன்றும் கிடைக்கவில்லை, சளிதான் பிடித்திருந்தது. முந்தின நாள் விடுதியில் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த தில்ருக்ஷி என்ற சிங்களப் பெண் என் நல்ல காலத்துக்குக் கவலையோடு இருந்தாள். கொழும்பில் ஓர் அறக்கட்டளையில் அதிகாரி. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும், கூட வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். அவளுக்குத் தமிழில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். நான் வருகிறேன் என்றேன். என் மூக்குறிஞ்சலை ஒரு நிமிடம் கவனித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

6.40. வேன் வந்தது. ஓட்டுநர் நவாஸ், ஹட்டன் டவுன்காரர், நாற்பது வயதிருக்கும். அப்பா காலத்தில் பலசரக்குக் கடை. இவர் வேன் வாங்கிச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார். நாட்டில் நெருக்கடி வந்து டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பயணிகள் காணாமல் போனார்கள். அப்போது ஒவ்வொரு வாரமும் வந்து இறங்கியவர்கள் அறக்கட்டளைக்காரர்கள்தானாம்.

“தேயிலைக்கு அடுத்து இங்க பவுண்டேசன்தான் சேர் ஓடுது” என்றார் நவாஸ். “என்னையும் அதான் ஓட்டுது.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தெருவைச் சுட்டிச் சுட்டிக் காட்டினார். அந்தக் கடையில் திறப்பு விழா ரிப்பன். இந்தக் கடையில் விருந்தினருக்குப் போடும் மாலை. மாடியில் இருக்கும் பயிற்சி மண்டபம் வருடம் முழுக்கக் கருத்தரங்குக்கு வாடகை போகிறது. தோட்டத்துப் பெண்களில் உயர்தரம், அதாவது நம்மூர் பிளஸ் டூ, பாஸானவர்களுக்குக் கொழுந்து பறிக்காமல் ஊரிலேயே கிடைக்கும் வேலை என்றால் ஆசிரியர் வேலை, விட்டால் அறக்கட்டளையில் கள உத்தியோகம். கொஞ்சம் தள்ளி ஒரு பெயின்டர் கடை. வருடத்தில் பாதி நாள் அவர் எழுதுவது ‘அன்பளிப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் என்று நவாஸ் சிரித்தார். அந்தக் கடை வாசலில் வேன் நின்றது. நாலடிக்கு மூன்றடியில் ஒரு தகரப் பலகையைப் பின்னால் ஏற்றினார்கள். வெள்ளையில் நீல எழுத்து, பெயின்ட் வாசம் போகவில்லை. தில்ருக்ஷியின் அறக்கட்டளைப் பெயர் மூன்று மொழியிலும் இருந்தது. உதவி செய்வதென்று முடிவானால் அங்கேயே மாட்டிப் படம் எடுக்க வேண்டுமாம், தலைமை அலுவலக விதி. முடிவாகாவிட்டால்? திரும்பி வரும், வேறு தோட்டத்துக்குப் போகும்.

தலவாக்கலைக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வளைவுகளால் ஒரு மணி நேரம். பலகை ஒவ்வொரு வளைவிலும் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. வெளியிலும் பலகைகள்தான். கொட்டகலை தாண்டுவதற்குள் பதினொன்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி ஒரு வங்கியின் அறக்கட்டளை. கழிவறை ஐரோப்பாவில் தேயிலை வாங்கும் கம்பெனியின் அறக்கட்டளை. நூலகம் கனடாவில் குடியேறிய இவ்வூர்ப் பிள்ளைகளுடையது. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் தோட்டத்தை நடத்தும் துரையின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தொழிற்சங்கத்தையும் அரசாங்கத்தையும் பார்த்தார்கள். யாரும் எட்டாத இடத்திலெல்லாம் இப்போது அறக்கட்டளை நிற்கிறது. நல்லதுதான். ஆனால் அறக்கட்டளை பிடித்தால் வரும், பிடிக்காவிட்டால் வராது. கேட்க உரிமையில்லாத இடத்தில் வாங்குகிறவர்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கும். வகுப்பில் இதை நான் நடத்தியதே இல்லை.

தலவாக்கலையில் தில்ருக்ஷி தண்ணீர் போத்தல் வாங்க இறங்கினாள். நவாஸ் என் பக்கம் திரும்பினார்.

நாம் போவது ஒரு பிள்ளைக் காம்பராவுக்கு. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அரசாங்கக் காகிதத்தில் பெரிய பெயர் உண்டு, வாயில் யாருக்கும் நுழையாது. பார்த்துக்கொள்பவர் பாக்கியம் என்ற ஆயம்மா. போன வருடமும் இதே அறக்கட்டளையிலிருந்து வேறொருவர் வந்தார், நவாஸ்தான் கூட்டிப்போனார். விருந்தாளி வருகிறார் என்றதும் லயத்துப் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள், சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு நல்ல சாமான் எல்லாம் இறங்கிவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய திரைச்சீலை, புதுப் பாய், கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய பொம்மை. வந்தவர் மாலை போட்டுக்கொண்டு, கேசரி சாப்பிட்டு, மனம் குளிர்ந்து போனார். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: நிலையம் நல்ல நிலையில் உள்ளது, உதவி அவசரமில்லை.

“இந்த மாசத்தோட மூடச் சொல்லி தோட்டத்துல சொல்லிட்டாங்க சேர். ஒழுகுற கூரைய யாரு மாத்துறது? இந்த மிஸ் எழுதினாத்தான் உண்டு.”

மூடினால் குழந்தைகளைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கும் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மூன்று கிலோமீட்டர் ஏற்றம். விட்டுத் திரும்புவதற்குள் காலை ஆளெடுப்பான பெரட்டில் பெயர் கொடுத்து எல்லாரும் மலைக்கு ஏறியிருப்பார்கள். அன்றைய சம்பளம் போச்சு. கைக்குழந்தைக்காரிகள் வேலையை விட வேண்டியதுதான், பாக்கியத்துக்கும் வேலை போய்விடும். அதனால் இந்தத் தடவை ஒருத்தரும் ஒரு சாமானும் கொண்டு வரக்கூடாது என்று பாக்கியம் லயம் லயமாகப் போய் சத்தியம் வாங்கியிருக்கிறார். மிஸ்ஸிடம் நீங்களாக எதுவும் சொல்லிவிடாதீர்கள், இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்துவிடுவார் என்று நவாஸ் கேட்டுக்கொண்டார். தலையாட்டினேன்.

9.05. லிந்துலையிலிருந்து இறங்கும் தோட்டப் பாதையில் கடைசி அரை மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாமே. காம்பரா பாக்கியம் வைத்த சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மொட்டையாக இருந்தது. சிமெண்டுத் தரை, ஓரம் கிழிந்த நான்கு பாய், வாளி, பேசின், பத்தொன்பது குழந்தைகள். பாக்கியம் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான அம்மா, ஒரு குழந்தை இடுப்பில், இன்னொன்று முந்தானையில். கேசரி இல்லை, மாலை இல்லை. வாங்க என்று சொல்லிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டார். வந்தவர்களை வெறுங்கையோடு நிற்க வைத்த வேதனை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது, எனக்கே பாவமாகிவிட்டது.

தில்ருக்ஷி படிவத்தை எடுத்தாள். நான் கேள்விகளைத் தமிழாக்கினேன். பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. அப்புறம் ஒருத்தி வந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மிஸ் நிற்கிறார்களே என்றாள். பாக்கியம் முறைத்தார். நாற்காலியை வைத்துவிட்டு அவள் நைசாக நழுவினாள். அடுத்தவள் மேசை விரிப்போடு வந்தாள், படிவம் எழுத வேண்டாமா? காலை நிறுவை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கியவர்கள் கூடை கட்டின கயிறு நெற்றியில் பதிந்த தழும்போடே ஓடிவந்தார்கள். பாய் வந்தது, தலையணை வந்தது. கண்ணாடி அலமாரியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கரடிப் பொம்மை பிளாஸ்டிக் உறையோடு வந்தது. சிவப்புத் திரைச்சீலையை இரண்டு பேர் ஜன்னலில் மாட்டினார்கள். பத்தரைக்குள் காம்பரா கல்யாண வீடாகிவிட்டது. சத்தியம் எல்லாம் காற்றோடு போச்சு. நவாஸ் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எவர்சில்வர் டம்ளரில் இஞ்சித் தேநீர் வந்தது. சூட்டுக்குக் கை மாற்றிப் பிடித்தபோது என் டம்ளரில் வெட்டியிருந்த பெயர் தெரிந்தது: ராஜம்மா. தில்ருக்ஷியின் டம்ளரில் மு. செல்வி. நவாஸ் கையில் இருந்ததில் தங்கவேல். மூன்று டம்ளர், மூன்று வீடு. தில்ருக்ஷிக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. ரொம்ப அழகான இடம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கட்டடத்தின் நிலை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்பதற்குப் பேனாவைக் கொண்டுபோனாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நவாஸுக்குக் கொடுத்த வாக்கு அடைத்தது. ராஜம்மாவின் தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

10.50. தகரத்தில் நாலைந்து துளி விழும் சத்தம். அவ்வளவுதான், யாரும் ஏவாமலே குழந்தைகள் எழுந்தார்கள். புதுப் பாய்களை விட்டுவிட்டு, கிழிந்த பாய்களை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவரோரம் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்று வயது கூட நிறையாத ஒரு சிறுமி பேசினைத் தள்ளிக்கொண்டு வந்து அறை நடுவில் வைத்தாள். கொஞ்சம் பின்வாங்கிப் பார்த்தாள். ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்த்தினாள். மழை வலுத்தது. முதல் சொட்டு பேசினுக்குள் சரியாக விழுந்தது.

பிறகு நடந்ததை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. கூரை நாலா பக்கமும் ஒழுக, சாமான் சொந்தக்காரிகள் அவரவர் சொத்தைக் காப்பாற்றப் பாய்ந்தார்கள். திரைச்சீலை கழன்றது, தலையணைகள் சேலைக்குள் போயின, கரடி தலைக்கு மேல் தூக்கப்பட்டுச் சென்றது. இரண்டு நிமிடத்தில் காம்பரா பழையபடி மொட்டை. ஈரத் தரையில் படிவத்தோடு தில்ருக்ஷி மட்டும் நின்றாள். என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான் பாக்கியத்தைப் பார்த்தேன்.

பாக்கியம் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார். “வந்தவங்கள வெறுமனே உக்கார வைக்க எங்களுக்குத் தெரியாதுங்க மிஸ். இதெல்லாம் லயத்துச் சாமான். கூரை மட்டுந்தான் எங்களுது.”

முப்பது வருடம் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினவன் இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு தரம் தடுமாறினேன். தில்ருக்ஷி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தைகள் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பேசின் வைத்த சிறுமி சற்று நகர்ந்து, நனையாத இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். மழை விடும் வரை அங்கேயே உட்கார்ந்து, எங்கெங்கே ஒழுகுகிறது என்று படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் குறித்துக்கொண்டாள். ‘நன்று’ மீது விழுந்திருந்த பேனாக் கோட்டை அடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

12.15. புறப்படும்போது, தன் அறிக்கையில் இந்தக் கூரைதான் முதல் வரி என்று பாக்கியத்திடம் சொல்லச் சொன்னாள். பலகையை எங்கே மாட்ட விருப்பம் என்றும் கேட்கச் சொன்னாள். பாக்கியம் வேனுக்குள் எட்டிப் பார்த்தார், விரல் முட்டியால் தகரத்தை இரண்டு தட்டு தட்டினார்.

“நல்ல தகரமா இருக்கே மிஸ். இதையும் கூரைல போட்டுறலாமுங்க.”

மொழிபெயர்த்தேன். தில்ருக்ஷி விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பலகையை இறக்கச் சொன்னாள். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று அவளுக்கு விதி. லயத்துப் பெண்கள் லீக்ஸ் என்ற வெங்காயத்தாளும் கேரட்டும் ஒரு பை நிறைய நவாஸின் இருக்கைக்கடியில் திணித்துவிட்டார்கள், நவாஸுக்கு விதி கிடையாதே.

ஊர் திரும்பி ஏழு வாரத்தில் நவாஸ் படங்கள் அனுப்பினார். கூரை முழுக்கப் புதுத் தகரம், காம்பராவை மூடவில்லை. திருச்சியில் எங்கள் தெருக் கோயிலில் குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவர்களின் பெயரை விளக்கின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் பெயரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். போன வருடம் நானும் ஒன்று கொடுத்தேன், என் பெயரும் அதில் உண்டு. ராஜம்மா வீட்டு டம்ளரிலும் பெயர் இருந்தது, கொடுத்தது நான்தான் என்று காட்ட அல்ல, காரியம் முடிந்ததும் வீடு மாறாமல் திரும்பிப் போக.

கடைசிப் படத்தில் பால் காய்ச்சும் தாழ்வாரம். அதன் கூரையில் அந்தப் பலகை, எழுத்து கீழ்ப்பக்கமாக. வெளியில் நின்று பார்ப்பவருக்கு வெறும் தகரம்தான். ஏன் இப்படி என்று கேட்டேன். நவாஸ் பாக்கியம் சொன்னதை அப்படியே அனுப்பியிருந்தார்: மேலே பார்க்க வைத்தால் மழையில் பெயின்ட் போய்விடும், பாவம், நல்ல மனுஷங்க பெயர். அதற்குக் கீழே பாய் விரித்து, பேசின் வைத்த சிறுமி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.