சந்தேகத்துக்கு ஓர் இலக்கம்

மகளுக்கு இரண்டு வயதானபோது சிட்னியில் ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. வீடிருந்த பென்டில் ஹில்லில் ரயில் ஏறுமுன் அவளைச் சைல்ட்கெயாரில் விட வேண்டும். அவள் அழாத நாட்களில்தான் எனக்குக் கூடுதல் கவலை.

பெண்களின் கருப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்களின் படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வரும். நல்லதென்றால் விசைப்பலகையில் ஒன்று என்ற இலக்கத்தை அழுத்த வேண்டும். புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் தெரிந்தால் இரண்டை. என் விடைகளைப் பார்த்து நியூரல் நெட்வேர்க் என்ற கணினி நிரல் பழகும். பிறகு புதுப் படங்களைத் தானே பிரிக்கும். அந்த நிரலை எழுதியவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்தவள், பிழை விடக்கூடாது என்று வளர்ந்தவள். ஒன்றை அழுத்திய படத்துக்கே திரும்பப் போய்ப் பார்ப்பேன்.

நாலாம் மாதம் முதல் சோதனை. மருத்துவர்கள் ஏற்கெனவே நல்லதென்று சொன்ன படங்களைக் கொடுத்தோம். நெட்வேர்க் அவற்றில் நிறையப் படங்களுக்கு இரண்டு என்றது. அக்கா தன் நிரலில் பிழை தேடத் தொடங்கினார்.

அவர் தேடத் தொடங்கிய இரண்டாம் நாளே எனக்கு விளங்கிவிட்டது. நான் படங்களைப் பிரித்த மாதங்களில் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. நான் ஒரு மாற்றத்தைத் தவறவிட்டால் அந்தப் படத்துக்குரிய பெண்ணின் பிள்ளை என்னாகும் என்று யோசித்து, சந்தேகம் வந்த எல்லாவற்றுக்கும் இரண்டை அழுத்தியிருந்தேன். அதைக் கவனம் என்றே நினைத்தேன். சொன்னால் ஒப்பந்தம் நீளாது. சொல்லாவிட்டால் அவர் பிழையில்லாத நிரலைக் கலைத்துவிடுவார். மூன்று நாள் பொறுத்தேன்.

"அக்கா, பிழை உங்களில இல்ல. சந்தேகமானதெல்லாத்துக்கும் நான்தான் இரண்டு போட்டனான்."

அவர் கதிரையைத் திருப்பினார். "எல்லாத்துக்குமா?"

"ஓம். விட்டுட்டா என்ன செய்யிறதெண்டு பயம்."

"அதான் பாத்தேன், நெட்வொர்க் ஏன் புள்ள பெத்தவ மாதிரி நடுங்குதுன்னு." சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நோய் ஒண்ணுமில்லாதவளுக்கு 'மறுபடி சோதனைக்கு வா'ன்னு கடிதம் போனா, அவளுக்குப் பயமில்லையா?"

மகள் பிறந்த பிறகு எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. மறுசோதனை முடிவு வரும்வரை, அவளுக்குச் சோறு தீத்தும்போதெல்லாம், நானில்லாவிட்டால் யார் தீத்துவார் என்று நினைப்பேன். கடைசியில் ஒன்றுமில்லை. அதை எப்படி மறந்தேன்?

"நான் நிக்கட்டோ, போகட்டோ?"

"போனா யாரு திருத்துறது? உக்காருங்க. எனக்கும் தப்பு இருக்கு. தெரியலைன்னு சொல்ல நான் வழியே வைக்கலையே."

அன்று பின்னேரமே மூன்றைச் சேர்த்தார். மூன்று என்றால் நிச்சயமில்லை, மருத்துவர் பார்க்கட்டும். முதலில் அதை அழுத்தக் கூச்சமாக இருந்தது, பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு எழும்புவதுபோல. எல்லாப் படங்களையும் மறுபடி பார்த்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேலானது.

அடுத்த சோதனையில் நெட்வேர்க் நல்லவற்றில் பெரும்பாலானவற்றை நல்லது என்றது. மிச்சத்துக்கு மூன்று என்றது. அவற்றில் ஒரு படத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அக்கா இன்னோர் ஆறு மாதத்துக்கு ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

அன்று மாலை சைல்ட்கெயாரில், மகளுக்கு இருமல் இருக்கிறது, நாளைக்கு வருவாளா என்று கேட்டார்கள். வழக்கமாக உடனே இல்லை என்றிருப்பேன். காலையில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.