தந்தியின் மேல் அண்ணன் கை

பழைய பாணியில் செய்த மலிவான பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கி, தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் அதன் பிக்கப்பை நானே மாற்றினேன். அன்றிலிருந்து தந்தியை விட்டுக் கையை எடுத்தாலே ஸ்பீக்கர் இரையும். “திராட்சைத் தோட்டத்தப் பாக்காம இந்தக் கட்டையக் கட்டிக்கிட்டு அழுவுறியேடா” என்று அண்ணன் திட்டியதில் எங்களுக்குள் பேச்சே நின்றுபோனது.

கம்பம் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசை. பாடகர் குழுவில் நான் கிட்டாரோடு நின்றிருந்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அண்ணன் என் முன்னால் வந்து கைகூப்பினார். நானும் கும்பிடக் கையை எடுத்தேன். கோயில் முழுக்க இரைச்சல். பதறிப்போய்த் தந்தியில் கை வைத்ததும் அடங்கியது. கும்பிட மறுக்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ?

அண்ணன் தன் கையைத் தந்திகளின் மேல் வைத்தார்.

“ஏலே, நீ கும்புடு. நான் பிடிச்சுக்கிறேன்.”

வால்யூமைக் குறைத்திருந்தாலே போதும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அப்போது தோன்றவில்லை.