கோல்கீப்பரின் அக்கா

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை உள்ளறையில். வெளியே ஃபிரேம்களை எடுத்துக் காட்டுவது, எந்த ஃபிரேமைப் போட்டாலும் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று கூசாமல் சொல்வது, இதெல்லாம் முதலாளியின் பாடு. கண் பார்ப்பது அவள் பாடு. இருட்டாக்கிய சின்ன அறை, ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துகள், அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். வந்து உட்காருகிறவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் முதல் வேலையாக, "தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, குத்துமதிப்பா மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். சில பேர் அப்போதும் குத்துமதிப்பாகத்தான் படிப்பார்கள். கண் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் மனிதர்களுக்கு அப்படி ஒரு கௌரவக் குறைச்சல்.

கடை இல்லாத நேரமெல்லாம் அவளுக்குக் கால்பந்துதான். அவளுடைய டீமான நீலச்சட்டைக்காரர்கள் உள்ளூரில் ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டாள். சரக்கு ரயில் ஓட்டும் அவள் கணவர், தன் முகத்தைவிட கோல் கம்பத்தைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதில் பொய் ஒன்றும் கிடையாது.

டயர் கடை மாடியில் ரசிகர் மன்றம். டயர் கடைக்காரர்தான் தலைவர். சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே அணி அலசல் நடக்கும். அலசுவது அவள். கோல்கீப்பரிலிருந்து மாற்று ஆட்டக்காரர்கள் வரை ஒவ்வொருவராக எடுத்துப் பிழிந்து காயப்போடுவாள். யாராவது அதைப் போனில் பிடித்து அனுப்ப, மறுநாளைக்குள் டீமின் ரசிகர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். பயிற்சியாளரும் கேட்பார், கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்வார். ஒரு வருஷம் பின்வரிசை ஆள் ஒருவனை அவள் கிழித்த கிழியில் மைதானமே அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டு, கிளப் அவனை வேறு டீமுக்கு அனுப்பிவிட்டது. அதிலிருந்து அவளுக்கு ரெஃப்ரி அக்கா என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ரெஃப்ரி அக்கா வளைந்துகொடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். டீமின் இரண்டாவது கோல்கீப்பர் அவளுடைய தம்பி. ஆறு சீசனாக இரண்டாவது. முதல் கீப்பருக்கு ஜலதோஷம்கூட வராது, இவனும் வெளியே உட்கார்ந்தே இருப்பான். ரசிகர்கள் இவனுக்கு வைத்த பெயர் பெஞ்சு. வருஷாவருஷம் அலசல் முடிகிற நேரத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். "பெஞ்சுக்கு ஒரு சான்ஸ் குடுத்துப் பாருங்கப்பா" என்பாள். எல்லோரும் கை தட்டுவார்கள். தம்பி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். இவனுக்கு என்ன வெட்கம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் அந்த முதல் கீப்பர் வேறு டீமுக்குப் போய்விட்டார். நீல அணியின் கோல் பெஞ்சுக்கு என்று ஆனது. அன்றைக்கு அவள் கடையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். கிளப் செயலாளருக்கு மட்டும் மனசு ஒரு நிலையில் இல்லை. வெளியிலிருந்து இன்னொரு கீப்பரை எடுக்கலாமா, இவனையே வைத்து ஓட்டலாமா என்று இழுத்துக்கொண்டிருந்தார். ஆள் எடுக்கக் கெடு அலசலுக்கு மறுநாள். "எதுக்கும் ரெஃப்ரி அக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துக்குவோம்" என்று டயர் கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அதற்குள் ஒரு பயிற்சி ஆட்டம் வந்தது. சாயங்காலம், விளக்குப் போட்டு. அவள் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். காலடியில் வந்து விழுந்த பந்துகளைத் தம்பி அள்ளினான். பத்தடியில் ஒருவன் உதைத்ததைத் தட்டிவிட்ட வேகத்தைப் பார்த்து எதிரணிக்காரனே தலையில் கை வைத்தான். ஆனால் நடுமைதானத்திலிருந்து எவனோ சும்மா தூக்கிப் போட்ட பந்து ஒன்று வந்தது. சாவகாசமாக வந்தது. தம்பி அதற்கு ஓரடி தள்ளிப் பாய்ந்தான். மற்றவர்கள் நிலை தடுமாறிவிட்டான் என்றார்கள். இல்லாத ஒரு பந்துக்குப் பாய்ந்தவன் மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாளே மதியத்தில் அவனைக் கடைக்கு வரவழைத்தாள்.

"சும்மா பாத்துட்டுப் போடா. பவர் ஏதாவது இருக்கும்."

"எனக்கா? போன மாசம்தான் கிளப்ல மெடிக்கல் பாத்தாங்க. கண்ணு சுத்தம்னு எழுதிட்டாங்க."

"அவங்க எழுதட்டும். நீ உக்காரு."

அந்த நாற்காலி அவனுக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு மில்லில் இரண்டாவது ஷிப்ட் இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் வருவான். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த நாற்காலியில்தான் வீட்டுப்பாடம், அதில்தான் தூக்கம். போரடித்தால் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பாட்டுப்போல் படித்துக்கொண்டிருப்பான். பெரும்பாலான இடங்களில் தொங்குவது அதே அட்டைதான்.

இப்போது அட்டை இல்லை. முதலாளி ஒளித்திரை வாங்கி மாட்டியிருந்தார். ரிமோட்டை அமுக்கினால் வரி மாறும். முதலில் அதில் வருவதும் அந்தப் பழைய அட்டைதான். தம்பி இடது கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து தொடங்கி, கடைசிப் பொடி வரி வரைக்கும் தண்ணீர்பட்ட பாடாகப் படித்தான். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. நம் பயம்தான், வேறொன்றுமில்லை என்று நினைத்தாள்.

அடுத்த கண்ணுக்குப் போகும்போது கை தானாக ரிமோட்டை அமுக்கியது. ஒரு கண்ணில் படித்ததை நினைவில் வைத்து மறு கண்ணில் சொல்லிவிடுவார்கள் என்பதற்காக எல்லோருக்கும் செய்வதுதான். திரையில் எண்கள் வந்தன, கடைசி வரி மட்டும், தனியாக.

"இந்தக் கண்ணு. கடைசி வரி படி."

"டி, ஈ, எஃப், பி, ஓ..."

அவள் திரையைப் பார்த்தாள். ஒன்பது, மூன்று, எட்டு, ஆறு என்று எண்கள் பளிச்சென்று நின்றன. தம்பி எழுத்துகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, பாஸ்தானே என்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் கைவிளக்கை எடுத்து அவன் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தாள். நல்ல கண்ணில் அந்த வெளிச்சம் ஒரே பட்டையாக நகரும். இவன் கண்ணில் அது கத்தரிக்கோல் அலகுகளைப்போல் பிரிந்து சேர்ந்தது. வலது கண்ணிலும் அதே கதை. விழியின் முன்பக்கம் மெலிந்து கூம்பிக்கொண்டே வருகிற, ஒன்றைப் பலவாகக் காட்டுகிற நோய். அவள் கொடுக்கும் கண்ணாடியில் அடங்குகிற சமாசாரம் இல்லை. டாக்டரிடம் போனால் மேலே போகாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். போகாவிட்டால் பார்வை தேய்ந்துகொண்டே போகும்.

"திரையில இருந்தது எழுத்தே இல்லடா. நம்பர்" என்றாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"கிளப் மெடிக்கல்லயும் இப்படித்தான் ஒப்பிச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"எத்தன பந்து தெரியுது உனக்கு?"

"வெயில்ல ஒண்ணுதான்கா. லைட் போட்டா மூணு" என்றான். "நடுவுல வர்றதப் புடிப்பேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

டாக்டரிடம் இன்றைக்கே போகலாம் என்றாள். சீசன் முடியட்டும் என்றான். முகத்தில் பந்து பட்டால் என்னடா செய்வாய் என்றாள். பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவள் கெஞ்சினாள், திட்டினாள், அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று சின்னப் பையனை மிரட்டுவதுபோல் மிரட்டினாள். அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எந்த டீமும் என்னைத் தொடாதுக்கா. அதோட என் கதை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நீ அதை மட்டும் சொல்லிடாத. உன் கால்ல வேணா விழறேன்."

வாக்குக் கொடு என்றான். அவள் கொடுக்கவில்லை. கொடுக்காததை அவன் கவனித்தானா என்று அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை அவளுக்கு. சொன்னால் அவன் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் கண் போகும். போனில் கணவரிடம் சொல்லி அழுதாள். "கண்ணா, பந்தான்னு கேட்டா என்ன சொல்லுவ? கண்ணுதான? அப்புறம் என்ன" என்றார் அவர். ரயில் ஓட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே தண்டவாளம். அவளுக்கு அப்படி இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மாடி நிரம்பி வழிந்தது. கிளப் செயலாளர்கூட ஓரமாக வந்து நின்றிருந்தார். தம்பி கடைசி வரிசையில், நீலச் சட்டையில். அவள் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு முன்வரிசை ஆட்டக்காரர்களிலிருந்து தொடங்கினாள்.

"புதுசா வந்திருக்கற நெட்டையன் போன சீசன்ல பன்னெண்டு கோல் போட்டான்னு பேப்பர்ல போட்டிருக்கான். அதுல ஏழு பெனால்டி. பெனால்டி கிடைக்கலன்னா இவன் மைதானத்துல காத்து வாங்கிட்டுதான் நிப்பான். கேப்டனுக்கு வயசாச்சு, ஒத்துக்கறேன். ஆனா பாஸ் குடுக்கறதுல இன்னும் அவர்தான் சின்னப் பையன். அவரை முழு ஆட்டம் ஓடவிடாதீங்க, ஒரு மணி நேரம் போதும். இடது பக்கம் பின்னாடி ஆடறவனுக்கு மேல ஏறிப் போகக் கால் இருக்கு, திரும்பி வர்றதுக்கு மனசு இல்ல. அவன் பக்கத்துல இருக்கறவன்தான் பாவம், ரெண்டு பேர் வேலையச் செஞ்சுட்டு ரெண்டு பேர் திட்டையும் வாங்கறான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கமாக முதலில் எடுக்கிற கோலை இந்த முறை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் வேறு ஆளே மிச்சமில்லை.

"கோலு" என்றாள். தண்ணீர் குடித்தாள். "என் தம்பி. ஆறு வருஷமா இவனுக்காக உங்ககிட்ட கேட்டிருக்கேன். நான் கேட்டது தப்பு. கிட்டத்துல பரவால்ல. தூரத்துப் பந்துக்கு இவன் ஆகமாட்டான். நிதானம் பத்தாது. இவனை நம்பி சீசனைத் தொடங்கினா மூணாவது ஆட்டத்துலயே நம்ம டீம் நாறிடும். நாளைக்குள்ள வேற கீப்பரை எடுங்க."

தம்பி எழுந்தான். அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். படியில் அவன் இறங்கும் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் அந்தக் கொடுமை நடந்தது. ஒருவர் கை தட்டினார், பிறகு மாடியே தட்டியது. "சொந்தத் தம்பின்னுகூடப் பாக்கல பாருங்க. நேர்மைன்னா இதான்யா நேர்மை" என்று டயர் கடைக்காரர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார். செயலாளர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். இத்தனை வருஷ அலசலில் அவள் சொன்ன ஒரே பொய், நிதானம் பத்தாது என்றதுதான். அந்த டீமில் அவனைவிட நிதானமானவன் யார் இருக்கிறான்? மூன்று பந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிடிக்கிறவனுக்கா நிதானம் இல்லை? எல்லோர் கன்னத்திலும் ஒவ்வொரு அறை விட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. தன் கன்னத்தில் முதலில்.

கிளப் வேறொரு கீப்பரை எடுத்தது. தம்பி பழையபடி பெஞ்சுக்குப் போனான். இரண்டு ஆட்டம் முடிந்தது. அவன் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் இல்லை என்று சொல்லச் சொன்னான். அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, "இப்படிப் பண்ணிட்டீங்களே அண்ணி" என்று மட்டும் கேட்டாள். அவளிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவனே வந்தான். கேட்காமலே உள்ளறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் விளக்கை அணைத்துத் திரையைப் போட்டாள்.

"தெரிஞ்சா தெரியுதுன்னு..." என்று வழக்கமானதைத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவன் படித்தான். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் திணறினான்.

"இதுக்கு மேல தெரியலக்கா."

இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"எப்பலருந்துடா?"

"மூணு சீசனா. பெரிய கீப்பருக்குக் கால் சுளுக்கக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாதுன்னு ஒவ்வொரு ஆட்டத்துலயும் வேண்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். என்னை எறக்கிடுவாங்களோன்னு கையெல்லாம் வேர்க்கும்."

அவளுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்குடா ஆடுவேன்னு அந்தப் பிடிவாதம் புடிச்ச? என் கால்ல விழறேன்னியே?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வருஷாவருஷம் அத்தன பேர் முன்னாடி எழுந்து நின்னு நீதான எனக்காகக் கேட்ட. கிடைச்சதுக்கு அப்புறம் வேண்டாம்னு உன்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

அவள் திரையை அணைத்தாள். மேசை டிராயரைப் பூட்டி, சாவியை முதலாளியின் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து, பள்ளிக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு போவதுபோல், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.