சத்தமில்லாமல் சிரித்த பிள்ளைகள்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகை, பெங்களூரில் ஆஸ்பத்திரி துடைக்கும் வேலை என்று எங்கும் நிலையாக இருந்ததில்லை. ஓர் இடம் சரிப்படவில்லை என்றால் சண்டை போட மாட்டேன். துணியை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் எல்லாம் தபாலில் படித்தவை. பாடப் புத்தகம் ஓர் ஊருக்குப் போய்ச் சேரும்போது நான் வேறு ஊரில் இருப்பேன். அதைத் தேடிப் போய் வாங்கிவர ஒரு நாள் சம்பளம் போகும். அப்படித்தான் படித்தேன்.

இப்போது மந்தாரக்குப்பத்தில் ஒரு வரிசை வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் காண்ட்ராக்ட் வேலை. விடிவதற்கு முன்பே போய், ஆட்கள் வருவதற்குள் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்க வேண்டும். பத்து மணிக்கு வேலை முடிந்துவிடும். மீதிப் பொழுது படிப்புக்கு. நூலகப் பட்டப்படிப்பு. அதில் குழந்தைகள், இளைஞர்களுக்கான நூலகச் சேவை என்பதை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன்.

ஏன் நூலகம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நான் போன எல்லா ஊர்களிலும், இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். அதிலும் பெரியவர்கள் பகுதியில் பேப்பர் படிக்கும் ஆண்கள் எல்லா நாற்காலிகளையும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். குழந்தைகள் பகுதி காலியாக இருக்கும். பெங்களூரில் அப்படி ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துதான், படப் புத்தகங்களைப் பார்த்துக் கன்னடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ஆனாலும் புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லை.

படிப்பில் எழுத்துத் தாள்களைவிட எனக்குப் பெரிய கண்டமாக வந்தது செய்முறைத் தேர்வு. டவுன்ஷிப் நூலகம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்த வேண்டும். கடைசியில் படிப்பு மையத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா, சிரிக்கிறார்களா, கதையைத் திருப்பிச் சொல்கிறார்களா என்று பார்த்து மார்க் போடுவார். தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அந்த வருஷம் போனது. நாற்பதைத் தாண்டியவளுக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமில்லை.

கதை நானே கட்டியது. ஓர் எருமை பஸ்ஸில் ஏறி ஜன்னலோர சீட் கேட்கிறது. அதற்கு முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா, லக்கேஜா என்று கண்டக்டருக்குக் குழப்பம். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டேன். முதலில் எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பாதிக் கதைக்கு மேல் பேச விடவில்லை. டாப்பில் ஏற்று, டிரைவர் சீட்டைக் கொடு, சாணி போட்டால் யார் அள்ளுவது என்று ஒரே கூச்சல். பக்கத்து அறைப் பெண் என்னோடு வேலைக்கு வருகிறவள். வாசலில் துணி பிழிந்துகொண்டே கேட்டாள்.

"என்னாக்கா, பேரன் எடுக்கிற வயசுல எருமைக்கு டிக்கெட்டு கிழிச்சிக்கினு கெடக்குற. இதுக்குப் பரிச்சை வேற வைக்கிறாங்களா?"

வைக்கிறார்கள் என்றேன். அப்படியானால் தன் மூத்த மகனை அனுப்புகிறேன், அவன் மாட்டைப் போலவே கத்துவான், நூற்றுக்கு நூறு வாங்குவான் என்றாள். எனக்கும் அன்று அப்படித்தான் தைரியம் வந்தது. இந்தக் கதை எங்கே போட்டாலும் ஓடும் என்று நினைத்துவிட்டேன்.

டவுன்ஷிப் பிள்ளைகளிடம் அது ஓடவில்லை. பதினொரு மணிக்கு வந்து பாயில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் எருமையாகக் கத்தினேன், கண்டக்டராக விசில் அடித்தேன். ஒரு சத்தம் இல்லை. சிலர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்கள். கொட்டாவி விடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நூலகப் பொறுப்பாளருக்கு மட்டும் பரம திருப்தி. பேப்பர் படிக்க வரும் ரிட்டயர்ட் ஆட்களிடமிருந்து ஒரு புகார்கூட வரவில்லை என்று என்னைப் பாராட்டினார். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பிடிக்காத பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமையும் ஏன் வர வேண்டும்? வந்தார்கள். தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பார்வையிட வந்த மேடம் கோபக்காரர் இல்லை. கடைசிவரை பொறுமையாக இருந்தார். பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உங்களப் பாத்து பயப்படுறாங்களாம்மா?"

இல்லை என்றேன். நான் தேறவில்லை. பருவம் முடிவதற்குள் இன்னொரு முறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலுக்குத் துப்புரவு ஆள் வேண்டும் என்று தெரிந்தவள் ஒருத்தி சொல்லியிருந்தாள். பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்தேன். பிறகு அறையில் உட்கார்ந்து யோசித்தேன். இதற்கு முன் விட்டுவிட்டு வந்த எந்த வேலையும் நானாகத் தேடிக்கொண்டது இல்லை, கிடைத்தது. இது நானாகக் கேட்டு வாங்கியது. இரண்டாவது முறையும் தவறட்டும், அப்புறம் பஸ்ஸைப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை கதைக்கு நடுவில் என் கை பட்டு ஓர் இரும்பு ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. கல் தரையில் பெரிய சத்தம். பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே உறைந்தார்கள். யாரும் ஸ்டூலைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டோர் ரூமின் மூடிய கதவைப் பார்த்தார்கள். ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண், மூன்றாவதோ நான்காவதோ படிப்பவள், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்து என்னிடம் கேள்வியாகக் காட்டினாள்.

"உள்ள யாரு தூங்குறா?" என்று கேட்டேன்.

அவள் கதவை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "யாரும் இல்ல ஆன்ட்டி. வீடுன்னு நெனச்சிட்டோம்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வரிசை முழுக்கக் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. இத்தனை வாரமாக நான் கொட்டாவி என்று நினைத்தது இதைத்தான்.

அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுத்தால் மதியம் தாண்டித்தான் எழுவார். குவார்ட்டர்ஸில் இருப்பது ஒரு ஹாலும் ஓர் அறையும். அம்மா விசில் வருவதற்கு முன்பே குக்கரை இறக்கிவிடுவார். டிவி சத்தமில்லாமல் படம் மட்டும் காட்டும். ஷிஃப்ட் வாராவாரம் மாறுவதால் எந்த நாளிலும் யாராவது ஒருவருடைய அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். சொந்த அப்பா டே ஷிஃப்ட்டில் இருந்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு அப்பா தூங்குவார். லீவு நாளின் காலைப்பொழுது இந்தப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். நடக்கப் பழகும்போதே இதையும் பழகியிருக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, வெளியே கூட்டிக்கொண்டு போவது. அடுத்த வாரம் நூலகத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் உட்காரவைத்து, இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றேன். கத்தினார்கள். அதை மட்டும்தான் செய்தார்கள். எருமை பஸ்ஸில் ஏறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து லுங்கியோடு ஒருவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"என்னாங்க இது? நைட் முடிச்சிட்டு வந்து இப்பதான் கண்ண மூடுனேன். பசங்கள வச்சிக்கினு இப்பிடிக் கூச்சல் போட்டா எப்பிடிங்க?"

மன்னிப்புக் கேட்டேன். ரெட்டை ஜடைக்காரி என் பின்னால் ஒளிந்தாள். அவர் பார்த்துவிட்டார். அவருடைய மகள்தான். அகப்பட்டுக்கொண்டோம் என்று தெரிந்ததும் அவள் முன்னால் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, பஸ்ஸுல எருமைக்கு டிக்கெட்டா, லக்கேஜா?"

அவர் இன்னும் அரைத் தூக்கத்தில் இருந்தார். "எருமைக்கா? லக்கேஜுதான்" என்றார். திரும்பி நடந்து போய்ப் படுத்துக்கொண்டார். இனி மைதானம் வேண்டாம் என்று பொறுப்பாளர் அன்றே சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன்.

உள்ளே திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். மைதானத்தில் நடந்ததைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால். லுங்கியைத் தூக்கிக் கட்டுவது, கண்ணைத் தேய்ப்பது, எருமையின் கொம்பு எல்லாம் கைகளில் வந்துபோயின. அப்பாவுக்கு இந்தக் கைப்பேச்சு தெரியுமா என்று அவளைக் கேட்டேன்.

"தெரியாது ஆன்ட்டி. அவர் தூங்குறப்பதான பேசுவோம்."

அந்த இடத்தில் எனக்கு வழி தெரிந்தது. எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன். உள்ளங்கையைக் கவிழ்த்தால், புரண்டு படுத்துவிட்டார். ஐந்து விரலையும் விரித்தால், எழுந்துவிட்டார், இனிக் கத்தலாம். முஷ்டிமேல் முஷ்டியை வைத்தால் குக்கர். தண்ணீருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சைகை. எது சரி என்று அவர்களுக்குள் சண்டை வந்தது, அதுவும் சத்தமில்லாமல். கண்டக்டருக்கும் டிக்கெட் கிழிப்பதற்கும் ஜன்னலோர சீட்டுக்கும் சைகை இல்லை. அவற்றை அவர்களே செய்தார்கள்.

கதையைச் சொல்லும் முறையையும் மாற்றினேன். கத்துவதை விட்டேன். தாழ்ந்த குரலில் ஒரு வரி சொல்லி நிறுத்துவேன். அந்த இடைவெளியில் கைகள் எழும். ஒரு நாள் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். டான்ஸ் கிளாஸா என்று கேட்டார். கதைதான் சார் என்றேன். சத்தம் இல்லாத வரைக்கும் சரி என்று போய்விட்டார்.

மேடம் இரண்டாம் முறை வந்த அன்று, கதைக்கு முன்பே வராந்தாவில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய சந்தேகம் நியாயமானது.

"சைகை காட்டுறாங்க, சரி. கதைய உள்ள வாங்கிட்டாங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

உட்கார்ந்து பாருங்கள் மேடம் என்று மட்டும் சொன்னேன்.

கண்டக்டர் குழம்பி நிற்கும் இடத்தோடு கதையை நிறுத்தினேன். அடுத்து என்ன ஆனது என்று மேடம் பிள்ளைகளைக் கேட்டார். வழக்கம்போல் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் கைகள் பறந்தன. ஒரு பையன் தோளில் மூட்டை தூக்குவதுபோல் காட்டினான். ரெட்டை ஜடை தலையை ஆட்டி மறுத்தாள். அவள் வேறு ஏதோ காட்ட, இரண்டு பேர் அவள் பக்கம் சேர்ந்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். என்ன சண்டை என்று கேட்டார். தெரிந்தமாதிரிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மாட்டிக்கொண்டால் பிள்ளைகளும் சேர்ந்து மாட்டுவார்கள்.

"எனக்கும் முழுசாப் புரியல மேடம். அவங்களையே கேளுங்க."

மேடம் நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து, கையைக் குவித்து அவர் காதில் வைத்துச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"எருமை ஜன்னல் சீட்ல தூங்கிடுச்சு. தூங்குறவங்கள எழுப்பக் கூடாதுல்ல? அதனால கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல."

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நல்ல பெரிய சிரிப்பு. அறையிலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார்கள். பேப்பர் பகுதியிலிருந்து பொறுப்பாளர் கதவுவரை வந்து, சத்தம் போட்டது யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வராந்தாவில் நின்றபடியே மேடம் மார்க் போட்டார். குரல் வழியாகப் பங்கெடுப்பது என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் கொஞ்சம்தான் போட முடியும், நடந்தது நடந்தபடிதான் போட வேண்டும் என்றார்.

"போடுங்க மேடம். மத்ததெல்லாம் சேத்தா பாஸ் ஆயிடுமா?"

கூட்டிப் பார்த்தார். ஆகிவிடும் என்றார். இன்னொரு முறை கூட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கூட்டினார். ஆகிவிடும்தான்.

இனி நூல் வகைப்படுத்தல், பட்டியலிடல் என்ற எழுத்துத் தாள்கள் பாக்கி. அந்தத் தாள்களில் பிள்ளைகள் யாரும் எனக்குக் கை கொடுக்க முடியாது. எந்த வகைப் புத்தகத்துக்கு எந்த எண் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். ஆபீஸ் வராந்தாக்களைத் துடைக்கும்போது ஒரு கதவுக்கு ஒன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகிறேன். பாதி வராந்தாவுக்கு மேல் இன்னும் குழம்புகிறது. பரீட்சைக்குள் கடைசிக் கதவுவரை போய்விடுவேன்.