சித்தாள் கேட்ட கொத்துக்கரண்டி

செங்கல்லும் மணலும் நாம் வைத்த இடத்தில் இருக்கும். வேலையாட்கள்தான் இருக்க மாட்டார்கள் என்பது என்னைப் போல மேஸ்திரி வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாததல்ல. நான் ராசிபுரம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறவன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது, என்னை யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறப்பதில்லை. வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரருக்கு வீடு கட்டியபோது நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

படிக்கட்டுக்குக் கீழே

செல்வி என்னிடம் பல வருஷமாகக் கல் சுமக்கும் சித்தாள். ஒருநாள் கொத்தனார் மாதேஷ் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவனுடைய கொத்துக்கரண்டியை எடுத்துப் படிக்கட்டுக்குக் கீழே சுவர் பூசிக்கொண்டிருந்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

"எனக்கும் கொத்தனார் வேலை குடுங்க மேஸ்திரி. சொமந்தே கெழவி ஆயிருவனாட்டம் இருக்குது" என்றாள். பொம்பளை சாரத்தில் ஏறி நின்று பூசுவாளா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இத்தன நாளும் கல்லு தானாவா மாடிக்கு ஏறுச்சுங்க?"

புருஷன் கட்சி

அவள் புருஷன் முருகேசன் அங்கேயே கலவை குழைக்கிற ஆள். அவனிடம் புகார் சொன்னேன். "அவ கொத்தனாரானா நான் அவளுக்குக் கலவை தூக்கோணுமுங்களா? ஊருக்குள்ள தல காட்ட முடியுமா?" என்று பதறினான். நல்ல பிள்ளை என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூத்த சித்தாள் பாப்பாத்தி செல்விக்குப் பரிந்து பேசும் என்று பயந்தேன். அது சொன்ன நியாயம் வேறு.

"கரண்டி புடிக்கட்டுமுங்க. ராத்திரி ஊட்டுக்குப் போனா சோறும் அவதான ஆக்கோணும்? அதுக்குக் கல்லே சொமக்கலாம், அசதியில தூக்கமாச்சும் வரும்."

அடுப்பு மேடை

தறிக்காரர் நெட்டை ஆள். சமையலறை மேடை உயரத்துக்குத் தன் இடுப்பிலேயே கை வைத்துக் காட்டினார். நானும் மாதேஷை அப்படியே கட்டச் சொன்னேன். "அவரு ஊட்டுக்காரம்மா குள்ளமுங்களே" என்ற செல்வியை, உன்னை யார் கேட்டது என்று அடக்கிவிட்டேன்.

மேடை வேலை முடிந்ததும் அந்தம்மா வந்து அதன் முன்னால் நின்றார். மேடை நெஞ்சுக்கு வந்தது. ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம் என்றார் தறிக்காரர். நானும் தலையாட்டினேன். அந்தம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேருல யாருங்க இங்க தெனமும் தோசை ஊத்தப் போறீங்க?"

முன்சுவர்

மேடையை இடித்துக் கட்டு என்றதும் மாதேஷ் கோபித்துக்கொண்டு ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டான். அவனோடு எனக்கு இன்றைக்கும் பேச்சில்லை. மேடையை நானே இடித்துக் கட்டுவதற்குள் கிரகப்பிரவேசம் நெருங்கிவிட்டது, பூச்சு வேலை பாக்கி. வேறு வழியில்லாமல் செல்வியைக் கூப்பிட்டு, குளியலறையைப் பூசச் சொன்னேன்.

"முன்சுவரக் குடுங்க. குளியலறையப் பூசுனா, மாதேஷ் பூசுனதுன்னு சொல்லிருவீங்க" என்றாள். நான் நினைத்ததும் அதுதான். எரிச்சலோடு கொடுத்தேன். சாரத்தில் ஏறிவிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. முருகேசன் வெட்கப்பட்டு உள்ளே போய் நின்றுகொண்டான். மேலேயிருந்து சத்தம் வந்தது.

"மாமா, உள்ள என்ன பண்றீங்க? கலவையக் கொண்டாங்க! சுவரு பாதியில நின்னா சிரிக்கப் போறது உங்களையுந்தான்!"

தாம்பாளம்

கலவை வந்தது, சுவரும் முடிந்தது. குறை கண்டுபிடிக்கலாம் என்று மட்டப்பலகையை வைத்து வைத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாருக்கு வேட்டி துண்டும், சித்தாளுக்கு ரவிக்கைத் துணியும் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். தறிக்காரர் செல்வியைப் பார்த்ததும் ரவிக்கைத் துணியை நீட்டினார். அவள் கை கட்டிக்கொண்டு நின்றாள். "உங்க முன்சுவரப் பூசுனது யாருங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். மாதேஷ் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இவளைக் கொத்தனார் என்பதைவிட அவன் பெயரைச் சொல்லத்தான் எனக்கு எரிச்சல். "இந்தப் பொண்ணுதானுங்க கொத்தனாரு" என்றேன்.

வேட்டி துண்டு வைத்த தாம்பாளம் அவள் கைக்கு வந்தது. செல்வி துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இதக் கட்டிக்கங்க மாமா. நாளைக்குப் புது வேலைக்குப் போறம், கொத்தனாரு ஊட்டுக்காரரு கிழிசலோட வந்தா நல்லாவா இருக்கும்?"

பொம்பளை பூசக் கூடாது என்ற என் கட்சியை நான் இன்னும் விடவில்லை. ஆனால் முன்சுவர் வேலை வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது, அந்தக் கோபத்தையும் அவள் கணக்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன்.