பயர் ஆபீசுக்கு ஒரு பூப்போட்ட சட்டை

ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் வேதியியல் படித்துவிட்டு ஆகஸ்ட் முதல் வாரம் சிவகாசிக்குத் திரும்பினேன். அங்கேயே இன்னும் இரண்டு வருடம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை.

சென்னையில் இறங்கி இரவு ரயிலைப் பிடித்தால் காலை ஐந்தே முக்காலுக்கு விருதுநகர். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். ஓட்டுநர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சிவகாசிக்கு வெடி வாங்கவா போறீக?" என்றார். "பொறந்த ஊருண்ணே" என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

அங்கிருந்து 27 கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது நிமிடம். ஏழே முக்காலுக்கு வீட்டு வாசலில் நின்றேன். பூட்டியிருந்தது. அம்மாவின் கம்பெனி வேன் ஏழு மணிக்கே போய்விடும். தீபாவளி சீசன் நேரத்தில் லீவு கேட்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு அவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா இட்லி மூடி வைத்திருந்தாள். ஒரு செமஸ்டர் முழுக்கத் தனியாகச் சாப்பிட்டுச் சலித்த நான், வீட்டிலும் தனியாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை.

பதினொன்றே காலுக்கு வெம்பக்கோட்டை டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, இலவசம். பதினான்காவது கிலோமீட்டரில் இறங்கி, வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அம்மா வேலை பார்க்கும் பயர் ஆபீஸ். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெடிமருந்துத் தூசி படாமலிருக்கப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். அம்மா போடுவது அப்பா விட்டுப்போன பழைய சட்டைகள். அதனால் அவளுக்கென்று பூப்போட்ட நீலச் சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தேன். பையில் அது மட்டும்தான் இருந்தது.

வாசலில் வாட்ச்மேன் நிறுத்தினார். "போன இங்கன குடுத்துருங்க. பையில என்ன வச்சிருக்கீக?" சட்டையை எடுத்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது பாலியஸ்டராச்சே. இதப் போட்டா உள்ள விட மாட்டாக. நீங்க எந்த ஊரு?"

"ஜெசிந்தா மக" என்றேன்.

"ஜெசிந்தாக்கா மகளா?" என்றவர் சட்டையைத் திருப்பித் தந்து, வாசலோரம் உட்காரச் சொன்னார். பாலியஸ்டர் உரசினால் பொறி வரும், மருந்துக்கு ஒரு பொறி போதும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால் பயர் ஆபீசுக்குப் பருத்தி தவிர எதையும் யாரும் உடுத்திப் போவதில்லை. வேதியியல் படிக்கிற எனக்குத்தான் கடையில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. அம்மா கை கழுவிவிட்டுத்தான் வந்தாள், ஆனாலும் நகக்கண்ணில் வெள்ளிநிற அலுமினியப் பொடி மிச்சமிருந்தது. "மெலிஞ்சுட்டியே தாயி" என்று தூக்குவாளியைத் திறந்து பாதிச் சோற்றை எனக்கு வைத்தாள். குளிர், ஹாஸ்டல், ரொட்டி என்று என்னென்னவோ சொன்னேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அவள் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தாள். "துணி நல்லாத்தான் இருக்கு. இங்கன ஆகாது. திரும்பிப் போறப்ப அங்கன நீயே போட்டுக்க."

"யாரு போறா?" என்றேன்.

"எம்புட்டு நாளைக்குன்னு மட்டும் சொல்லு."

"ரெண்டு வருசம்மா."

மணி அடித்தது. அம்மா சரியென்று தலையை ஆட்டினாள், அப்பா சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பயர் ஆபீசில் யாரையாவது பார்க்கப் போகிறவர்கள் பருத்தியே உடுத்துங்கள். போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரம் அரை மணிதான், சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும் பஸ் 2.20க்குத்தான். நிறுத்தத்தில் நிழல் கிடையாது, பக்கத்தில் ஆளும் இருக்காது. எனக்கு அழ அது வசதியாகத்தான் இருந்தது.